தப்பா வந்த பார்சல் "கிடைச்ச பொருள்" இல்லை. சூடம் அணைக்கிறது தீர்ப்பும் இல்லை



போன வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு நடந்த விஷயம் பீடோர் முழுக்கப் பரவிடுச்சு. "கோயில் தொண்டர்கள் பயந்துட்டாங்க", "பணம் இருக்கிற பக்கம் சாய்ஞ்சுட்டாங்க", "அம்மா சன்னதியிலேயே நியாயம் கிடைக்கலைன்னா வேற எங்க போறது" என்று ஆளாளுக்குப் பேசுறாங்க. ஸ்லிம் ரிவர்ல இருந்துகூட ஒருத்தர் போன் பண்ணிக் கேட்டார். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்லி முடியாது. அதனால எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதுறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க. சில வார்த்தை உங்களுக்கும் சுடும், எங்களுக்கும் சுடும்.

முதல்ல நடந்தது என்னன்னு தெரியாதவங்களுக்காக.

நம்ம கோயிலுக்கு வாராவாரம் வர்ற ஒரு அம்மா. பேர் வேண்டாம். தோட்டத்துல பால் மரம் வெட்டி வளர்ந்தவங்க, தோட்டம் போனதும் தாமானுக்கு வந்தவங்க. இப்போ கொய்யாப்பழம் பொட்டலம் கட்டுற வேலை. மகளுக்கு நல்லபடியா பிரசவம் ஆனா ஆடித் திருவிழாவுக்கு அம்மனுக்குப் பட்டுப்புடவை சாத்துறதா வேண்டுதல். பிரசவம் நல்லபடியா ஆச்சு. மகளும் அம்மாவும் காசு சேர்த்து, 280 வெள்ளிக்கு ஆன்லைன்ல ஒரு புடவை வாங்கினாங்க. கூரியர்ல வந்தது. ஆனா அந்த அம்மா வீட்டுக்கு வரலை.

"டெலிவரி ஆயிடுச்சு" என்று போனுக்கு மெசேஜ் வந்தது, கூடவே ஒரு படம். படத்துல இருக்கிறது பச்சை கேட். அந்த அம்மா வீட்டு கேட் காவி நிறம். ஒரே தாமான், ஒரே வீட்டு நம்பர். ஒண்ணு ஜாலான், இன்னொண்ணு லோரோங். நம்ம தாமான்கள்ல இந்தக் குழப்பம் புதுசு இல்லை. 35500 என்று போட்டுட்டா எல்லாம் பீடோர்தான். டெலிவரி பையன் ஒரு நாளைக்கு எத்தனை வீடு ஏறுவானோ பாவம், நம்பரைப் பார்த்தான், உள்ளே வச்சான், படம் எடுத்தான், போயிட்டான்.

அந்த அம்மா மறுநாளே பச்சை கேட் வீட்டுக்குப் போனாங்க. அவங்க கேட்டது ஒரே கேள்விதான். கிடைச்சது மூணு பதில்.

முதல் நாள்: "எனக்கு ஒண்ணும் வரலைக்கா."

படத்தைக் காட்டினதும், ரெண்டாவது பதில்: "வந்துச்சு, ஆனா அது உங்களுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? கூரியர்காரன்கிட்ட போய்க் கேளுங்க."

நாலு நாள் கழிச்சு மருமகனோட போனப்போ, மூணாவது பதில்: "யாரும் வரலைன்னு குப்பையில போட்டுட்டேன். தப்பு கூரியர் மேல. என்கிட்ட ஏன் சண்டைக்கு வர்றீங்க?"

அன்னைக்கு வாசல்ல சத்தம். மருமகன் அதை வீடியோ எடுத்து, வீட்டு நம்பர் தெரியுற மாதிரி, நம்ம கோயில் வாட்ஸ்அப் குழுவிலேயே போட்டுட்டார். பால்குட டோக்கன் அறிவிப்பு போட வேண்டிய குழுவுல ராத்திரி முழுக்கத் திட்டு. அவர் அப்பா யாரு, எந்தத் தோட்டத்து ஆளுங்க, பொண்டாட்டி எப்படி என்று புடவைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லாத இடத்துக்குப் போயிடுச்சு. நம்மில் பலர் அதுக்குக் கைதட்டி ஸ்டிக்கரும் போட்டோம்.

வெள்ளிக்கிழமை ரெண்டு தரப்பும் கோயிலுக்கு வந்தாங்க. "முனீஸ்வரர் சன்னதியில சூடம் ஏத்துங்க, அவரை அணைச்சு சத்தியம் பண்ணச் சொல்லுங்க" என்று ஒரு தரப்பு. "ஏத்துங்க, நான் அணைக்கிறேன், எனக்கு என்ன பயம்" என்று இன்னொரு தரப்பு. நாங்க சூடம் ஏத்த மறுத்தோம். நடந்தது இவ்வளவுதான்.

இப்போ எங்க பக்கத்தைச் சொல்றோம்.

முதல்ல பச்சை கேட் வீட்டு அண்ணனுக்கு. நாங்க சூடம் ஏத்தலைங்கிறதால உங்களை நியாயம்னு சொல்லிட்டோம்னு யாரும் நினைக்க வேண்டாம். நீங்க செஞ்சது தப்பு. சுத்தி வளைக்காம சொல்றோம்.

"அது அவங்களுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்" என்று கேட்டீங்க. பார்சல் மேல பேர் ஒட்டியிருந்தது, போன் நம்பர் ஒட்டியிருந்தது. நீங்க ஆர்டர் பண்ணாத பொருள், உங்க பேர் இல்லாத பொருள். ஒரு போன் கால், அதுக்கு எவ்வளவு செலவு?

சட்டமே இதைத்தான் சொல்லுது. நம்ம மலேசியத் தண்டனைச் சட்டத்துல 403-ஆவது பிரிவு என்று ஒண்ணு இருக்கு. 1860-இல் இந்தியாவுக்காக எழுதின சட்டத்துல இருந்து இங்கே வந்த பிரிவு, நம்பர்கூட மாறலை. அடுத்தவர் பொருளை நேர்மையில்லாம தன்னுடையதாக்கிக்கிறது பத்திப் பேசுற பிரிவு. அதுல விளக்கத்துக்குச் சின்னச் சின்ன உதாரணம் கொடுத்திருக்காங்க. ரெண்டை மட்டும் எங்க பாஷையில சொல்றோம்.

ஒருத்தர் தன்னுடையதுன்னு நல்லெண்ணத்துல நம்பி இன்னொருத்தர் பொருளை எடுத்துடுறார். அந்த நேரத்துல அது திருட்டு இல்லை. ஆனா தப்பு தெரிஞ்ச பிறகும் அதைத் தனக்கே வச்சுக்கிட்டா, குற்றம்.

இன்னொருத்தருக்கு ரோட்டுல ஒரு கடிதம் கிடைக்குது, உள்ளே பண நோட்டு. மேல இருக்கிற விலாசத்தையும் உள்ளே எழுதினதையும் பார்த்தா யாருடைய பணம்னு தெரியுது. அதைத் தனக்கு எடுத்துக்கிட்டா, குற்றம்.

விலாசம் எழுதின கடிதத்துக்கே அப்படின்னா, பேரும் போன் நம்பரும் ஒட்டின பார்சலுக்கு? பொருளோட சொந்தக்காரர் யாருன்னு தெரிஞ்சாலோ, தெரிஞ்சுக்க வழி இருந்தாலோ, "கிடைச்சது, எடுத்துக்கிட்டேன்" என்ற பேச்சு செல்லாது. இந்தப் பிரிவுல தண்டனை ஆறு மாசத்துக்குக் குறையாத சிறை, ஐந்து வருஷம் வரைக்கும் போகலாம். பிரம்படியும் அபராதமும் உண்டு. பயமுறுத்த இதைச் சொல்லலை. "இது ஒரு விஷயமா" என்று சிரிச்சீங்களே, அதுக்காகச் சொல்றோம்.

சரி, சட்டத்தை விடுங்க. நாம கோயிலுக்கு வர்றவங்க. பெரிய புராணத்துல அமர்நீதி நாயனார் கதை எல்லாருக்கும் தெரியும். பழையாறையில துணி வியாபாரம் பண்ணினவர். அடியார்களுக்கு அமுது படைச்சு, கோவணம் கொடுக்கிறது அவர் தொண்டு. சிவபெருமான் பிரம்மச்சாரி வேஷத்துல வந்து ஒரு கோவணத்தைக் கொடுத்து, "பத்திரமா வச்சிரு, குளிச்சிட்டு வந்து வாங்கிக்கிறேன்" என்று போறார். திரும்பி வந்து கேட்டா, வச்ச இடத்துல காணோம். வேற நல்ல துணி தர்றேன்னு சொன்னா ஏத்துக்கலை. தராசு வைக்கிறாங்க. ஒரு தட்டுல சாமியோட இன்னொரு கோவணம். எதிர்த் தட்டுல நாயனாரோட துணி, பொன், பொருள் எல்லாம். ஏறவே இல்லை. கடைசியில நாயனாரும் மனைவியும் மகனும் தட்டுல ஏறி நின்ன பிறகுதான் தராசு நேரா நின்னது.

இந்தக் கதையை நாம பக்தியோட கேட்டுட்டு, பொங்கல் பிரசாதம் வாங்கிட்டுப் போயிடுறோம். ஒரு விஷயத்தை யோசிச்சுப் பாருங்க. அந்தக் கோவணம் காணாமப் போனது நாயனார் தப்பா? இல்லை. மறைய வச்சதே சாமி. இருந்தும் நாயனார், "என் தப்பு இல்லை, போய் வேற யார்கிட்டயாவது கேளுங்க" என்று சொல்லலை. என் வீட்டுக்குள்ள வந்த அடுத்தவர் பொருள், நான்தான் பதில் சொல்லணும்னு நின்னார். அதனாலதான் அவர் நாயனார். "தப்பு கூரியர் மேல" என்று சொல்ற நாம வெறும் பக்தர்கள்.

"நாயனார் வாங்கி வச்சுக்கச் சம்மதிச்சார், நான் கூரியரைக் கூப்பிடவே இல்லையே" என்று நீங்க கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனா கேட்டுக்கு வெளியே கிடந்ததை வீட்டுக்குள்ள எடுத்துட்டுப் போனீங்க பாருங்க, அந்த நிமிஷத்துல பொறுப்பு உங்களுடையதாயிடுச்சு. சுமை வேண்டாம்னா உள்ளே எடுத்திருக்கக்கூடாது. எடுத்துட்டா, அது அடைக்கலப் பொருள். இடையில வேற பேர் அதுக்குக் கிடையாது.

குப்பையில போட்டேன்னு சொல்றது உண்மையா இருந்தா, அது இன்னும் வருத்தம். திறந்து பார்க்காமலா போட்டீங்க? பார்த்திருந்தா பட்டுப்புடவை. ஆடி மாசம் நெருங்குற நேரத்துல நம்ம ஊர்ல யாருக்கு, எதுக்குப் பட்டு வரும்னு கோயிலுக்கு வர்ற உங்களுக்குத் தெரியாதா?

அடுத்தது, சூடம் கேட்டவங்களுக்கு. உங்க வேதனை எங்களுக்குப் புரியுது. ஆனா நாங்க ஏத்த மாட்டோம். இன்னைக்கு மட்டும் இல்லை, இனியும் ஏத்த மாட்டோம்.

ஏன்னா, சூடத்தைக் கண்டு பயப்படுறவன் நல்லவன்தான். மனசுல ஈரம் இல்லாதவன் பத்து சூடத்தையும் அணைச்சுட்டுப் போவான். உண்மையே பேசுறவனுக்குத்தான் கை நடுங்கும். நடுங்கினதைப் பார்த்து, "பாத்தியா, இவன்தான்" என்று நாம தீர்ப்பு எழுதுவோம்.

எங்களில் மூத்தவர் ஒருத்தர் சின்ன வயசுல தோட்டத்து லயத்துல பார்த்தது. ஒரு வீட்டுல சங்கிலி காணோம். பக்கத்து வீட்டுக்காரர் மேல சந்தேகம். முனியாண்டி மேடையில சூடம் அணைச்சு, "நான் எடுக்கலை" என்று சத்தியம் பண்ணினார். ரெண்டு மாசத்துல அவர் பிள்ளைக்குக் கடுமையான காய்ச்சல். லயமே சொல்லுச்சு, "சாமி கேட்டுடுச்சு". அவர் பொண்டாட்டியோட யாரும் பேசலை, தண்ணிக் குழாயில வரிசை விடலை. பிறகு அந்தச் சங்கிலி சொந்தக்காரங்க வீட்டு அரிசி டின்னுக்குள்ளேயே கிடைச்சது. சங்கிலி கிடைச்ச அன்னைக்கு லயத்துல ஒருத்தரும் போய் மன்னிப்புக் கேட்கலை. அந்தக் குடும்பம் தோட்டத்தை விட்டே போயிடுச்சு.

நாளைக்குப் பச்சை கேட் வீட்டுல ஒரு பிள்ளை மோட்டார்ல விழுந்தா, நாம என்ன பேசுவோம்னு நமக்கே தெரியும். 280 வெள்ளி புடவைக்காக ஒரு பிள்ளையோட காயத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கிற ஊரா நாம? அம்மா சன்னதி அடைக்கலம் தேடி வர்ற இடம். அங்கே பக்கத்து வீட்டுக்காரரை மாட்டி வைக்கக் கூடாது. சாமியை நம்ம சண்டைக்குப் போலீஸ்காரராக்கக் கூடாது.

மூணாவது, வீடியோ போட்டவங்களுக்கும் அதுக்கு ஸ்டிக்கர் போட்ட நமக்கும். அந்த வீடியோவால புடவை திரும்பி வந்ததா? வரலை. அதுவரைக்கும் "தெரியாது" என்று சொன்ன மனுஷன், வீடியோ வந்த பிறகு "வரட்டும் பார்க்கலாம்" என்று இறுகிட்டார். மெதுவா பின் கதவு வழியா திருப்பிக் கொடுத்திருக்கக்கூடிய ஆளுக்கும் அந்தக் கதவை நாமே சாத்திட்டோம். அவர் வீட்டுப் பொம்பளைங்க என்ன பாவம் பண்ணினாங்க? அவங்க இந்த வெள்ளி கோயிலுக்கு வரலை. அது யார் கணக்கு?

சட்டப்படியும் இது விளையாட்டு இல்லை. தண்டனைச் சட்டத்துல அவதூறுக்குத் தனிப் பிரிவு இருக்கு. 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தோட 233-ஆவது பிரிவு இணையத்துல அடுத்தவரைத் தொல்லைப்படுத்துறதைப் பத்திப் பேசுது. நியாயம் உங்க பக்கம் இருந்து ஆரம்பிச்ச விஷயத்துல, கடைசியில நீங்க பாலாய்ல உட்கார்ந்து பதில் சொல்ற நிலைமை வரலாம். குழுவுல இருந்த அந்த வீடியோவை நாங்க அழிச்சுட்டோம். வேற இடத்துக்கு அனுப்பினவங்க தயவு செஞ்சு அழிச்சிடுங்க.

"அப்போ ஏழை என்னதான் பண்றது, சும்மா போயிடணுமா?" இது நல்ல கேள்வி. சும்மா போகக் கூடாது. செய்ய வேண்டியதைச் சொல்றோம், யாருக்காவது நாளைக்கு உதவும்.

"டெலிவரி ஆயிடுச்சு" என்று மெசேஜ் வந்து பொருள் வரலைன்னா, அன்னைக்கே அந்தப் படத்தையும் பார்சல் நம்பரையும் பத்திரமா எடுத்து வைங்க. வாங்கின ஆப்ல "பெற்றுக்கொண்டேன்" பொத்தானை அமுக்காதீங்க. அதை அமுக்கிட்டா பணம் விற்பவருக்குப் போயிடும், பிறகு இழுக்கிறது கஷ்டம். பொருள் வரலைன்னு ஆப்லேயே அன்னைக்கே பதிவு பண்ணுங்க. விற்பவருக்கும் எழுதுங்க, பார்சலை அனுப்பினவர் அவர், கூரியர்கிட்ட அவர் கேட்டா வேகம் அதிகம்.

பக்கத்து வீட்டுக்குப் போறப்போ கோபத்தோட மருமகனைக் கூட்டிட்டுப் போகாதீங்க. ரெண்டு பேருக்கும் வேண்டப்பட்ட ஒரு பெரியவரைக் கூட்டிட்டுப் போங்க. "எடுத்தியா" என்று கேட்காதீங்க. "தவறுதலா இங்கே வந்திருக்காம், பார்த்தீங்களா அண்ணே" என்று கேளுங்க. அவர் திருப்பிக் கொடுக்க ஒரு கௌரவமான வழி வேணும். கிடைக்கலைன்னா, அதையே மரியாதையா ஒரு மெசேஜாவும் எழுதி அனுப்புங்க. தேதியோட ஆதாரம் இருக்கும்.

கூரியர் கம்பெனியில எழுத்து மூலமா புகார் கொடுங்க, புகார் நம்பர் வாங்குங்க. படத்துல இருக்கிற கேட் வேற, என் கேட் வேறன்னு ரெண்டு படத்தையும் சேர்த்து அனுப்புங்க. பதில் இல்லைன்னா மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்குப் போகலாம். கூரியர் கம்பெனிகள் அவங்க கண்காணிப்புக்குள்ள வருது. விற்பவர் பணமும் தரலை, பொருளும் தரலைன்னா பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கு. மனு கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம், வக்கீல் தேவையில்லை.

பக்கத்து வீட்டுப் பிரச்சினை முத்திப் போனா, ருக்குன் தெத்தாங்கா இருக்கு. 1975-இல் ஆரம்பிச்ச அமைப்பு, ராத்திரி ரோந்துக்கு மட்டும்னு நினைக்காதீங்க. அக்கம்பக்கத்துத் தகராறைப் பேசித் தீர்க்கப் பயிற்சி எடுத்த சமூக நடுவர்களை ஒற்றுமைத் துறை வச்சிருக்கு. அதுவும் ஆகலைன்னா, கடைசியா போலீஸ் ரிப்போர்ட். அது உங்க உரிமை. கோயில் ஆளுங்க துணைக்கு வேணும்னா நாங்க கூட வர்றோம். அந்த அம்மாகூட ஏற்கெனவே ரெண்டு பேர் போய் கூரியர் புகாரை எழுதிக் கொடுத்துட்டு வந்திருக்கோம். "பயந்துட்டாங்க" என்று சொன்னவங்க இதையும் தெரிஞ்சுக்கணும்.

இன்னொரு விஷயமும் சொல்லணும். போன வருஷம் கோயிலுக்கு வர வேண்டிய விளக்குத் திரிப் பெட்டி ஒண்ணு டவுன்ல ஒரு சீன அங்கிள் கடைக்குப் போயிடுச்சு. பெட்டியில கோயில் பேர் மலாய்ல இருந்தது, எந்தக் கோயில்னு அவருக்குத் தெரியலை. பீடோர்ல ரெண்டு கோயில் விசாரிச்சு, மூணாவதா நம்ம கோயிலுக்கு மோட்டார்ல வந்து கொடுத்துட்டுப் போனார். செருப்பைக் கழட்டி வாசல்லேயே நின்னார், உள்ளே வரக்கூட இல்லை. அவருக்குப் பெரிய புராணம் தெரியாது.

திருவள்ளுவர் திருட்டைப் பத்திக் கள்ளாமை என்று ஒரு அதிகாரம் வச்சார். அதை வச்சது துறவறவியல்ல. ஆனா அடுத்தவர் பொருள் மேல ஆசைப்படாம இருக்கிற வெஃகாமையை இல்லறவியல்ல வச்சார். குடும்பஸ்தனுக்கு அதுதான் பாடம். கேட்டுக்குள்ள விழுந்த பார்சலைப் பார்த்ததும், "யாரும் கேட்கலைன்னா..." என்று மனசு ஒரு நிமிஷம் இழுக்குது பாருங்க, அங்கேதான் எல்லாம் ஆரம்பிக்குது. அந்த இழுப்பு எங்களுக்கும் வரும். வராதுன்னு சொன்னா பொய்.

அதனால இந்தத் திருவிழாவுல இருந்து ஒரு ஏற்பாடு. தோட்டக் காலத்துல கடிதமெல்லாம் ஆபீசுக்கு வரும், கிராணி பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார். அந்த மாதிரி, கோயில் அலுவலகத்துல ஒரு அலமாரியும் ஒரு நோட்டுப் புத்தகமும் வைக்கிறோம். உங்க வீட்டுக்குத் தவறுதலா பார்சல் வந்து, சொந்தக்காரரைத் தேடிப் போக நேரமில்லைன்னா, கூச்சமா இருந்தா, ஏற்கெனவே பேச்சுவார்த்தை இல்லைன்னா, பிரிக்காம இங்கே கொண்டு வந்து வைங்க. லேபிள்ல இருக்கிற நம்பருக்கு நாங்க போன் பண்ணிக் கொடுத்துடுறோம். எந்த இனம், எந்த மதம்னு கணக்கு இல்லை.

பச்சை கேட் வீட்டு அண்ணனுக்குக் கடைசியா ஒரு வார்த்தை. இதை எழுதுற வரைக்கும் புடவை வரலை. அந்த அம்மா அம்மனுக்குச் சாதாரணப் புடவை ஒண்ணு வாங்கி வச்சிருக்காங்க, வேண்டுதல் நிக்கக் கூடாதுன்னு. நேத்து அவங்களைப் பார்த்தப்போ அவங்க கேட்டது, "அவங்க வீட்டுப் பொண்ணு ஏன் கோயிலுக்கு வரலை, தம்பி?" என்றுதான்.

குப்பையில போட்டது உண்மைன்னா, வந்து "தப்புதான்கா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். வீட்டுல இருந்தா, அலுவலகக் கதவு காலையில ஆறு மணியில இருந்து திறந்திருக்கும். அலமாரியில வச்சுட்டுப் போங்க. கேமரா அந்தப் பக்கம் இல்லை. யார் வச்சதுன்னு நாங்க கேட்க மாட்டோம், நோட்டுல பேர் எழுதச் சொல்ல மாட்டோம். பிரிச்சிருந்தாலும் பரவாயில்லை, அப்படியே கொண்டு வாங்க. கொடியேத்தத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கு.

குடும்பத்தோட கோயிலுக்கு வாங்க. எப்பவும் நிக்கிற இடத்துலயே நில்லுங்க.

அம்மன் துணை.